மூடிய பெட்டியும் மாதிரி நோயாளியும்

ரத்துப் பிரிவின் பெட்டிக்குள் கையை விட்டது யார் என்று விசாரிக்க அன்று காலை கூட்டம் கூடியது. கையை விட்டவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் மறுக்கவும் இல்லை. ஆனாலும் விசாரணை என்று அறிவித்துவிட்டால் விசாரித்துத்தானே ஆக வேண்டும்? ஆகவே விசாரித்தார்கள்.

அவனை அந்த அலுவலகத்தில் எல்லோரும் தம்பி என்றே கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டி, நெற்றியிலிருந்து முடி விடைபெற்றுக்கொண்ட பிறகும் தம்பிதான். சில பேருக்கு முகவெட்டு அப்படி. திட்டு வாங்குவதற்கென்றே செய்து அனுப்பிய முகம். போன் அடித்தால் அவனுக்குப் பயம். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம். லிஃப்டில் தலைவரோடு ஏற நேர்ந்துவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கதவு எந்த மாடியில் திறக்கிறதோ அங்கேயே இறங்கி மீதிக்குப் படியேறுவான்.

நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இணையத்தில் படுக்கை பதிவு செய்யும் பக்கத்தை நடத்துகிற கழகம் அது. அந்தப் பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது தம்பியின் பொறுப்பு. அதற்காக அவன் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தான். அலுவலகத்தில் அதை ரோபோ என்பார்கள். அது மனிதன் செய்வதைப் போலவே ப்ரௌசரைத் திறக்கும், ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும், 'மாதிரி நோயாளி' என்ற பெயரில் ஒரு படுக்கையைப் பதிவு செய்யும், உடனே அதை ரத்தும் செய்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை போல வெளியே வந்துவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய விளக்கு பச்சையாக எரியும். எங்கேயாவது இடறினால் சிவப்பு.

சோதனைக்கு டயாலிசிஸ் படுக்கையைத்தான் ரோபோ பதியும். இதில் பெரிய யோசனை எதுவும் கிடையாது. தம்பியின் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாராவாரம் அவளுக்குப் படுக்கை பதிவதே அவன்தான். அந்த வழி அவன் விரலுக்கே பாடம். தெரிந்த வழியை ரோபோவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

இனி பெட்டி விவகாரம். அந்தப் பக்கம் ஒரே துண்டு அல்ல, பெட்டி பெட்டியாகக் கட்டியது. தேடுகிற பெட்டி ஒரு பிரிவுக்கு, பதிகிற பெட்டி ஒரு பிரிவுக்கு, ரத்து செய்கிற பெட்டி ஒரு பிரிவுக்கு. முன்பு ஒரு சமயம் யாரோ தலைப்புக்கு அடித்த நீல நிறம் ஒழுகிப்போய் ரத்துப் பிரிவின் எழுத்துகளையெல்லாம் நீலமாக்கிவிட்டது. ஒரு பிற்பகல் முழுக்க நீலம். நோயாளிகள் யாரும் கவனிக்கவில்லை. ரத்துப் பிரிவு மட்டும் இழவு விழுந்த வீடு போல ஆகிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பிரிவும் தன் பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டது. வெளியிலிருக்கும் நிறம் உள்ளே வராது, உள்ளிருப்பது வெளியே ஒழுகாது. நல்ல ஏற்பாடுதான், யாரும் குறை சொல்ல முடியாது. அதிலும் இரண்டு வகை உண்டு. பெட்டியின் நிரலில் 'திறந்தது' என்று எழுதினால் நிறம் மட்டும் தடைபடும். சோதிக்க வருகிற ரோபோ உள்ளே எட்டிப் பார்க்கலாம். 'மூடியது' என்று எழுதினால் ரோபோவுக்கு உள்ளே எதுவும் கிடையாது. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். மற்ற பிரிவுகள் பெரும்பாலும் 'திறந்தது' என்று எழுதின. பட்ட அவமானம் ஆறாத ரத்துப் பிரிவு 'மூடியது' என்று எழுதியது.

திரையைப் பார்க்கிற மனிதருக்கு ரத்துப் பட்டன் பளிச்சென்று தெரியும். ரோபோவுக்குக் கண் ஏது? பக்கத்தின் உள்கட்டைத் தடவித் தடவித்தான் அது நடக்கும். ரத்துப் பெட்டிக்கு வந்ததும் தடவிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பட்டனே இல்லை என்று கையை விரித்தது. விளக்கு சிவப்பானது. மறுநாளும் சிவப்பு. வாசலில் நுழையும்போதெல்லாம் தலைவர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுத் தம்பியின் மேசைப் பக்கம் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அவன் தன் கணினியில் இருந்த பக்கத்தின் பிரதியில், யாருக்கும் தெரியாமல், அந்த ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தான். எப்படியோ தெரிந்துவிட்டது.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?" என்றார் ரத்துப் பிரிவு மேடம். கூட்டத்துக்கென்றே அவர் புதிதாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"என்னோட பிரதியிலதாங்க மேடம். நிஜப் பக்கத்தைத் தொடவே இல்லீங்க."

"யார் பிரதியா இருந்தா என்ன? உள்ள இருந்தது எங்க பட்டன்."

"அந்தப் பட்டனை அழுத்தினா ஒண்ணுமே நடக்கலைங்க மேடம்." தம்பி தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தான். "நன்றின்னு ஒரு வரி வருது. அவ்வளவுதான். அது எதோடயும் இணைஞ்சே இல்லீங்க. ரத்து ஆகறதே இல்ல."

கூட்டம் திடுக்கிட்டது. பட்டன் செத்துக் கிடக்கிறது என்பதற்காக அல்ல.

"பாருங்க சார்," என்று மேடம் தலைவர் பக்கம் திரும்பினார். "எவ்வளவு தூரம் பாத்திருக்கார் பாருங்க. எங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. செஞ்சவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்க. அந்த அளவுக்குக் கட்டுக்கோப்பா வெச்சிருக்கோம். இவர் சர்வசாதாரணமா உள்ள போயிட்டு வந்து கதை சொல்றார்."

"ரத்தே ஆகலைன்னு சொல்றாரே?" என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார்.

"எங்க பிரிவு தொடங்கின நாள்லேர்ந்து ஒரு ரத்துகூட பதிவானதில்லை சார். மக்கள் அவ்வளவு திருப்தியா இருக்காங்க."

தலைவர் மெச்சிக்கொண்டார். தம்பி விடாமல், உள்ளே பார்க்காமலேயே சோதிக்க ஒரு வழி இருப்பதாகச் சொன்னான். வெளியில் இருந்தபடி டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தப் பட்டனில் போய் நிற்கும், அப்போது என்டரை அழுத்தலாம் என்று விளக்கினான். ரோபோ எதையும் பார்க்காது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குள்ள தடவிக்கிட்டே போறதா?" என்றார் மேடம். "இது பாக்கறதைவிட மோசம்."

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் தீர்மானம் பிறக்கப்போகிறது என்று அர்த்தம். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. பெட்டியோட மரியாதையும் கெடக்கூடாது, விளக்கும் சிவப்பா எரியக்கூடாது. அதனால ரோபோ பெட்டி வரைக்கும் போகட்டும். பெட்டி அங்க இருந்தா, உள்ள பட்டன் இருக்கறதா எடுத்துக்கலாம். பட்டன் இருந்தா, அழுத்தினதா எடுத்துக்கலாம். அழுத்தினா ரத்து ஆகும்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தம்பியும் தட்டினான். தட்டாமலிருக்க அவனுக்குத் தைரியம் போதவில்லை.

அன்று மதியமே விளக்கு பச்சையானது. கேக் வெட்டினார்கள். விளக்கின் அடியில் நின்று தலைவர் ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். "சோதனைங்கறது நம்பிக்கை, தோழர்களே. தோண்டித் துருவிப் பாக்கறதுக்குப் பேர் சந்தேகம். நம்ம கழகம் சந்தேகத்திலேர்ந்து நம்பிக்கைக்கு வந்துடுச்சு." கை தட்டல் அடங்கியதும் அவருக்கு இன்னொரு ஞானம் உதித்தது. "ஆமா, இந்த ரோபோ எங்க ஓடுது?"

"சோதனைக்குன்னு தனியா ஒரு பக்கம் இருக்குங்க சார். அதுல."

"அது நிஜப் பக்கம் இல்லையா?"

"இல்லீங்க சார். அதே மாதிரி இருக்கும்."

"போலிப் பக்கத்துல ஓடினா போலிப் பச்சைதானே வரும்? நிஜத்துல ஓட விடுங்க."

"சார், நிஜத்துல பதிஞ்சா நிஜமாவே ஒரு படுக்கை போயிடும் சார்."

"ரத்து பண்ணிடுதே?"

"ரத்து பண்ணினதா எடுத்துக்கறோம் சார்."

"அதைத்தான்பா நானும் சொல்றேன்." தலைவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இரண்டாவது துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே ரோபோவை அவனிடமிருந்து வாங்கித் தொடர் ஓட்டப் பிரிவு என்று புதிதாகத் தொடங்கிய ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். விளக்கு ஒரு கணமும் அணையாமலிருக்க ரோபோ ஓயாமல் ஓட வேண்டும் என்பது உத்தரவு. ஓடியது. ஒவ்வொரு ஓட்டத்திலும் காலியாக இருக்கும் டயாலிசிஸ் படுக்கையில் ஒன்றை மாதிரி நோயாளிக்குப் பதிந்தது. ரத்து செய்ததாக எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனது. ஒரே ஆள் இத்தனை படுக்கை எடுக்கலாமா என்று கேட்பது இன்னொரு பெட்டியின் வேலை. அதுவும் மூடியே இருந்தது, அது கேட்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

தம்பிக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். மடியில் பாம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவது போலத் தெரியும். ஒவ்வொரு காலையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவான். வரவேற்பறையில் அந்தப் பச்சை வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் பேசாமல் தன் மேசைக்குப் போய்விடுவான்.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். விசில் இல்லாமலேயே மைதானத்தை நிறுத்துகிற குரல். இப்போது சோபாவில் தலையணைகளை அடுக்கி அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் எங்கே முடிகிறது, பாதம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வீக்கம்.

"என்னடா, உங்க பக்கத்துல எனக்கு இடமே இல்லையாமே?" என்றாள். "நீ பதியலைன்னு நானே காலையிலேர்ந்து போனை நோண்டிக்கிட்டே இருக்கேன். எல்லா ஆஸ்பத்திரியும் நிறைஞ்சிருச்சுன்னு காட்டுது. ஊர்ல அத்தனை பேருக்குமா ஒரே நேரத்துல கிட்னி போச்சு?"

தம்பி போனை வாங்கிப் பார்த்தான். அலுவலகக் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய்ப் பட்டியலை விரித்தான். மாதிரி நோயாளி. அதற்குக் கீழே மாதிரி நோயாளி. விரலால் தள்ளத் தள்ள அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. அவனே ஒன்றைத் தொட்டு ரத்துப் பட்டனை அழுத்தினான். நன்றி என்று வந்தது. படுக்கை அங்கேயேதான் இருந்தது.

"மூஞ்சி ஏன்டா இப்படி வெளுக்குது? நோயாளி நீயா நானா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு தவணை தவறினால் வீக்கம். இரண்டு தவறினால் நீர் நுரையீரலுக்கு ஏறும். மூன்றாவதைப் பற்றி டாக்டர் பேசவே மாட்டார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அக்காவுக்கு ஏற்கெனவே ஒன்று தவறிவிட்டது.

"ஆக, இல்லாத ஒரு ஆளுக்கு அத்தனை படுக்கையும். இருக்கற எனக்கு ஒண்ணும் கிடையாது. போய் நிறுத்துடா அதை," என்றாள் அக்கா.

அவன் தலைவர் அறைக்கு ஓடினான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதவைத் தட்டாமல் நுழைந்தான்.

"வா தம்பி," என்று தலைவர் உற்சாகமாக எழுந்தார். "இந்த வாரக் கணக்கைப் பாத்தியா? டயாலிசிஸ் படுக்கை ஒண்ணுகூட காலியில்ல. முழுப் பயன்பாடு. எந்த ஊர்லயும் இப்படி நடந்ததில்லை."

"எல்லாம் மாதிரி நோயாளிங்க சார்! ஆளே கிடையாதுங்க சார்! ரோபோவை நிறுத்துங்க சார், எங்க அக்கா…"

"நிறுத்தினா விளக்கு என்ன ஆகும்?"

"அணைஞ்சிடும் சார்."

தலைவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். சிவப்புக்காவது காரணம் சொல்லலாம், அணைந்த விளக்குக்கு என்ன சொல்வது என்று கேட்டார். மேலும், ரோபோவின் மேல் போகிற வருகிறவர்கள் கை வைத்துவிடக் கூடாது என்று தொடர் ஓட்டப் பிரிவு அதையும் ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டது. "மரியாதைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேப்பா. உன் ரோபோங்கறதுக்காக விதிவிலக்கு குடுக்க முடியுமா? அடுத்த கூட்டத்துல வை, பேசுவோம்."

அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டதற்கு, அதை இந்தக் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். இந்தக் கூட்டம் எது என்று கேட்கத் தம்பிக்குத் தெம்பில்லை.

மறுநாள் அக்காவுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. அவளை டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டயாலிசிஸ் வார்டின் கண்ணாடி வழியே பார்த்தால் வரிசையாகக் காலிப் படுக்கைகள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மிஷின்கள் தயாராக நின்றன. நர்ஸ் ஒருத்தி நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே நாற்காலிகளில் கால் வீங்கிய மனிதர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கவுண்டருக்குப் போனான்.

"படுக்கை காலியா இருக்கேங்க," என்றான்.

"ஆள் காலி. படுக்கை காலியில்ல," என்றார் கவுண்டர் கிளார்க். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த மனிதர். "எல்லாம் பதிவாகியிருக்கு. அவங்க வர வரைக்கும் காத்திருக்கணும். வரலைன்னா ஏன் வரலைன்னு நான் மேல எழுதணும். எழுதி எழுதி விரல் மரத்துப் போச்சு சார்."

"அவசரங்க. மூச்சு முட்டுது."

"அவசரம்னா அவசரப் பிரிவு. அங்க மிஷின் கிடையாது. இங்கதான் அனுப்புவாங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தது. "இவங்கதான் மாதிரி நோயாளி," என்று சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

கிளார்க்கின் முகம் மலர்ந்தது. "ஏம்மா, இத்தனை நாளா எங்கம்மா போயிருந்தீங்க? உங்களால நான் எத்தனை விளக்கம் எழுதியிருக்கேன் தெரியுமா?"

"வழி தெரியலப்பா," என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "நிறைய இடத்துல பதிஞ்சுட்டேன் பாரு, எங்க போறதுன்னு குழப்பமாயிருச்சு."

ஊசி ஏறியது. மிஷின் சுற்றத் தொடங்கியது. சாயங்காலம் அவள் கால் பழையபடி கால் போல ஆனதும் தம்பி சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதான். அக்காவோ சும்மா வருகிறவளா? வெளியே வரும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் காலைப் பார்த்தாள். குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். டிரைவர் மெதுவாக எழுந்து கவுண்டருக்குப் போனார்.

"நான்தாங்க மாதிரி நோயாளி."

கிளார்க் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்போதுதான் ஒரு மாதிரி நோயாளி எழுந்து போனாள் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அந்தப் பெயரில் இன்னும் எத்தனையோ பதிவு இருந்தது, எழுத வேண்டிய விளக்கமும் இருந்தது. "உள்ள போங்க பெரியவரே," என்றார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் அந்த வார்டு அமர்க்களமாக நடந்தது. ஆணும் பெண்ணும் கிழமும் குமரியும் எல்லோரும் மாதிரி நோயாளியாகவே வந்தார்கள், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போனார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கழகத்தில் தலைவர் வருகைக் கணக்கைப் பார்த்துப் பூரித்துப்போனார். மாதிரி நோயாளி என்று மொட்டையாகச் சொல்வது தகாது என்று, மாதிரியார் என்றே சொல்ல ஆரம்பித்தார். ரத்துப் பிரிவு மேடம் மட்டும், ரத்தான ஆள் எப்படி நேரில் வரலாம், இது தன் பிரிவை மட்டம் தட்டுகிற வேலை என்று குமுறிக்கொண்டிருந்தார். தம்பி மட்டும் தூங்கவில்லை. இது எப்போது உடையும் என்று காத்துக்கொண்டே இருந்தான்.

டிரைவர்தான் உடைத்தார், பாவம். படுக்கைக்காகக் காத்திருந்த நாட்களில் அவர் இதயத்தில் நீர் கோத்துவிட்டது. ஒரு நாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தது. விதிப்படி இறப்பைப் பதிந்தார்கள். மாதிரி நோயாளி இறந்தார் என்று பதிவானது. அவருடைய மகன் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எங்கப்பா இல்லையே என்றான். உங்கப்பா எங்கள் கணக்கில் நன்றாக இருக்கிறார் என்று பதில் சொல்லி அனுப்பினார்கள்.

கழகத்தில் விளக்கின் அடியில் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். "ஒரு நாளும் புகார் சொல்லாதவர்," என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "எத்தனை தடவை பதிஞ்சோம், எத்தனை தடவை ரத்து பண்ணினோம், முகம் சுளிச்சிருப்பாரா? இப்படி ஒரு நோயாளி இனிமே கிடைப்பாரா?" ரத்துப் பிரிவு மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தம்பிக்கு டிரைவர் மெதுவாக எழுந்து கவுண்டருக்கு நடந்த நடை ஞாபகம் வந்தது. அவர் செத்ததற்கு யார் காரணம் என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கத்திச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். தலைவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். தலைக்கு மேலே விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த ரோபோவுக்குத் துக்கம் போய்ச் சேரவில்லை, அது செத்தவருக்குப் படுக்கை பதிந்துகொண்டே இருந்தது.

அக்காவின் அடுத்த முறை வந்தது. வார்டுக்கு வெளியே அதே நாற்காலிகள், அதே கால்கள். உள்ளே விரிப்பு மாறாத படுக்கைகள்.

"மாதிரி நோயாளி," என்றான் தம்பி கவுண்டரில்.

கிளார்க் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவங்க இறந்துட்டாங்க சார். இறந்தவங்க பேர்ல ஊசி போட முடியாது. மேலேர்ந்து எழுதியிருக்காங்க."

"அப்ப அந்தப் படுக்கையெல்லாம்?"

"இறந்தவங்க பேர்லயே இருக்கு. ரத்தானாத்தான் வேற ஆளுக்குத் தர முடியும்."

தம்பி அக்காவின் சொந்தப் பெயரைச் சொன்னான். கிளார்க் தட்டிப் பார்த்தார். பல தவணை வராத காரணத்தால் அந்தப் பெயர் தானாகவே நீங்கிவிட்டது என்றார். "நான் என்ன சார் பண்ணட்டும்? எனக்கும் குடும்பம் இருக்கு."

அக்கா கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூச்சு மேலும் கீழும் இழுத்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விளிம்பை விட்டுவிட்டு, வார்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நேராக முதல் படுக்கையில் ஏறிப் படுத்தாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "அம்மா, பேர் சொல்லுங்கம்மா. பேர் இல்லாம நான் எப்படி…"

"பேருக்கா மூச்சு முட்டுது? எனக்கு முட்டுதும்மா. ஊசியைப் போடு."

நர்ஸ் கவுண்டரைப் பார்த்தாள். அக்காவின் காலைப் பார்த்தாள். விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள், குழி விழுந்தது விழுந்தபடி இருந்தது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

வெளியே நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒருவர் எழுந்தார், பின்னாலேயே இன்னொருவர், ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஆளுக்கொரு படுக்கையில் விழுந்தார்கள். கிளார்க் செக்யூரிட்டிக்குப் போன் செய்துகொண்டே ஓடி வந்தார். தம்பி அதுவரை யார் வழியிலும் குறுக்கே நின்றதில்லை. இப்போது உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் இல்லாததால் முதுகைக் கொடுத்து நின்றான். பயம் குறைந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம், குறையவில்லை. வேலை போகும் என்று பயம், போலீஸ் வரும் என்று பயம், ஊசி ஏறி முடிவதற்குள் கதவைத் திறந்துவிடுவார்களோ என்று எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். சட்டைப் பையில் போன் அலறியது. தலைவர். அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. வெளியிலிருந்து நாலைந்து கைகள் கதவைக் குத்தின.

"கதவைத் திறங்க சார்! நீங்க கழகத்து ஆள்தானே, கழுத்து அட்டையில பாத்தேன்! மேல சொல்லிடுவேன்!" என்று கிளார்க் கத்தினார்.

"சொல்லிக்கோங்க," என்றான் தம்பி. பல் தந்தியடித்ததில் அது அவர்கள் காதில் விழுந்ததோ இல்லையோ. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு இன்னும் அழுத்தி நின்றான். முதல் படுக்கையருகே மிஷின் சுற்றத் தொடங்குகிற சத்தம் கேட்டது. அக்கா கண்ணை மூடியபடியே, மைதானத்துக் குரலில் பாதி திரும்பி வந்திருக்க, கூப்பிட்டாள்.

"டேய், கதவு ஆடுதுடா. கொஞ்சம் நடுங்காம நில்லு."